குறட்டின் விலையும் பிடியின் வலுவும்

குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், தென்காசி வட்டாரத்துச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். இருப்புப் பதிவேட்டில் ‘பிளையர் - 4’ என்றிருந்தது. நான்கும் அலமாரியில் இருந்தன. ஆனால் உபயோகத்திற்கு ஏற்றது ஒன்றுதான். சாயச்சாலைப் பம்பின் குழாயை இறுக்கும்போது மற்றொன்றின் பிடி நழுவி, நெசவாள அங்கத்தினர் ஒருவரின் கட்டைவிரல் நசுங்கியதாம். பத்து நாட்கள் அவர் தறியில் உட்காரவில்லை. குறட்டில் மிச்சமான பணத்தைவிட அவர் இழந்த கூலி அதிகம்.

கடைக்காரர்கள் ‘வாட்டர் பம்ப் பிளையர்’ என்று கூறும் இக்குறட்டின் வாயகலத்தை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். இதில் பள்ளமும் நாக்கும் பொருந்தும் வகையை, அமெரிக்காவின் மெட்வில் நகரைச் சேர்ந்த, 1886-இல் தோன்றிய சேனல்லாக் நிறுவனம் 1930-களில் வெளியிட்டது. 1882-இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான நிபெக்ஸ், பொத்தானை அழுத்தி அகலத்தை மாற்றும் வகையைச் செய்கிறது. நம் நாட்டில் 1969-இல் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கிய தபாரியா நிறுவனத்தின் குறடுகள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன.

விலை வேற்றுமைக்குக் காரணம் என்ன? முதலாவது, எஃகு. உயர்ந்த வகை, குரோம் வனேடியம் எஃகை அடித்து உருவாக்கிப் பற்களைத் தனியே கடினமாக்கியது. மட்டமானவற்றில் பற்கள் சில மாதங்களில் மழுங்கிவிடும். இரண்டாவது, மூட்டு. அது தளர்ந்தால் பாரம் ஏறும்போது பள்ளம் விட்டுப் பள்ளம் தாவும். விபத்து அங்கேதான் பிறக்கிறது. மூன்றாவது, அகலப் படிகள். நிபெக்ஸ் கோப்ரா 250 மில்லிமீட்டர் குறட்டில் 25 படிகள் உள்ளன. சாதாரணக் குறடுகளில் படிகள் குறைவாகையால், குழாயின் பருமனுக்குச் சரியாகப் பொருந்தாமல் கையை அதிகம் விரிக்க நேரிடும்.

ஆயினும் விலை உயர்ந்ததே எல்லோருக்கும் வேண்டும் என்பது நமது கருத்தன்று. ஆண்டில் நாலைந்து முறை கிணற்றுப் பம்பின் குழாயை இறுக்கும் விவசாயிக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் பொறித்த இந்தியக் குறடே போதும். நாள்தோறும் பலர் கைக்கு மாறும் சங்கத்தின் பொதுக் குறட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடுவது வீணன்று. தனி ஒருவரால் வாங்க இயலாததை நூறு பேர் சேர்ந்து வாங்குவதற்குத்தானே சங்கம்! பெயரும் முகவரியும் இல்லாத மட்டச் சரக்கு மட்டும் யாருக்கும் உதவாது.

வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்க. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மூட்டு ஆடலாகாது. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். அவை கோணாமல் நேராகப் பொருந்த வேண்டும். ஒரு குழாய்த் துண்டைப் பற்றி அழுத்துங்கள். கைப்பிடிகளுக்கிடையே விரல் நசுங்காத இடைவெளி இருத்தல் அவசியம்.

உபயோகத்திலும் முறை உண்டு. குறட்டைச் சரியான பக்கம் திருப்பினால் பிடி இறுகும். எதிர்ப்புறம் திருப்பினால் நழுவும். பித்தளை நட்டுகளைக் குறட்டால் திருகாதீர்கள், முனைகள் மழுங்கிவிடும். அவற்றிற்கு ஸ்பானரே ஏற்றது. சாரல் காலத்தில் ஈரம் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. குறைந்த விலைப்புள்ளியை ஏற்றது குற்றமன்று. ‘பிளையர் - 4’ என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டதே குற்றம். நீளம், எஃகின் வகை, தயாரிப்பாளர் முத்திரை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்பொழுது குறைந்த விலையும் நியாயமான விலையாகும். அங்கத்தினரின் கைவிரலும் காக்கப்படும்.