தானுந்து விற்சுருள் மாற்றம்

தானுந்து விற்சுருள் மாற்றம் என்பது ஒரு தானுந்தின் தொங்கல் அமைப்பில் உற்பத்தியாளர் பொருத்திய விற்சுருள்களை அகற்றிவிட்டு, அவற்றைவிட விறைப்பு மிகுந்த, நீளம் குறைந்த விற்சுருள்களைப் பொருத்துவதாகும். பேச்சு வழக்கில் இது ஸ்பிரிங் மாற்றுதல் என்றும் வண்டியை இறக்குதல் என்றும் கூறப்படுகிறது. ஆற்றல் மிகுந்த பொறியைக் கொண்ட செடான் வகைத் தானுந்துகளின் உரிமையாளர்கள், வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கவும் தோற்றத்தைத் தாழ்வாக்கவும் இம்மாற்றத்தைச் செய்கின்றனர். தரை இடைவெளி, பயண வசதி, பாதுகாப்பு, சட்டத் தகுதி ஆகிய நான்கும் இதனால் மாறக்கூடும். எனவே வண்டி நாள்தோறும் ஓடும் சாலையைக் கருத்திற்கொள்ளாமல் இம்மாற்றத்தின் பயனை மதிப்பிட இயலாது. சென்னையின் கோடம்பாக்கம் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

விற்சுருளின் பணி

தானுந்தின் உடற்பகுதி, பொறி, பயணிகள் ஆகியோரின் எடையை விற்சுருள்கள் தாங்குகின்றன. சக்கரம் மேட்டில் ஏறும்போது விற்சுருள் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது; பின்னர் விரிந்து அதனை வெளியிடுகிறது. இவ்வலைவை அடக்குவது அதிர்வுத் தணிப்பியின் பணியாகும். இது வழக்கில் ஷாக் அப்சார்பர் எனப்படும். விற்சுருள் அமுங்கக்கூடிய எல்லையின் முடிவில் முட்டு ரப்பர் ஒன்று இருக்கும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டின் செயற்பாடும் மாறும்.

வரலாறு

விற்சுருளின் விரிவும் அதன்மேல் செயற்படும் விசையும் நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை ஆங்கிலேய அறிவியலாளர் இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டு விளக்கி வெளியிட்டார். தொடக்ககாலத் தானுந்துகள் குதிரை வண்டிகளில் இருந்த அடுக்குத் தகட்டு வில்லையே பயன்படுத்தின. இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் தானுந்தில் முன்புறம் முறுக்குத் தண்டும் பின்புறம் அடுக்குத் தகட்டு வில்லும் இருந்தன. பிரீமியர் பத்மினியில் முன்புறம் விற்சுருளும் பின்புறம் தகட்டு வில்லும் அமைந்திருந்தன. சென்னையில் 1961ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தில் பின்புறம் குறுக்குவாட்டில் ஒரு தகட்டு வில் பொருத்தப்பட்டிருந்தது. தற்காலச் செடான்களில் முன்புறம் மெக்பர்சன் தூண் அமைப்பும், பெரும்பாலும் பின்புறமும், விற்சுருளே பயன்படுகிறது.

இயற்பியல் அடிப்படை

ஒரு விற்சுருளை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை அதன் விற்சுருள் மாறிலி எனப்படும். இம்மாறிலி கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மும்மடிக்கும் செயற்படும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் அமையும். எனவே கம்பியின் விட்டத்தை 5 விழுக்காடு கூட்டினாலே விறைப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு உயரும்.

தானுந்தின் உடற்பகுதி மேலும் கீழும் அசையும் அதிர்வெண், விறைப்பைத் தாங்கும் நிறையால் வகுத்து வரும் எண்ணின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. ஒரு சக்கரம் 300 கி.கி. நிறையைத் தாங்குவதாகவும், சக்கரத்தில் அளவிடப்படும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனவும் கொண்டால், அதிர்வெண் 1.30 ஹெர்ட்சு ஆகும். விறைப்பை 30 விழுக்காடு கூட்டி 26 நியூட்டன் ஆக்கினால் அது 1.48 ஹெர்ட்சாக உயரும். அதிர்வுத் தணிப்பியை மாற்றாமல் விட்டால் தணிப்பு விகிதம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். மேட்டைக் கடந்த பின்னும் வண்டி கூடுதலாக ஆடுவதற்கு இதுவே காரணமாகும்.

அமுங்கு தொலைவும் ஆற்றலும்

விறைப்பான விற்சுருள் அடியில் முட்டாது என்பது பரவலாக நிலவும் ஒரு தவறான கருத்தாகும். மேற்கூறிய வண்டியில், ஆளில்லா நிலையிலிருந்து முட்டு ரப்பர் வரை 80 மி.மீ. அமுங்கு தொலைவு இருப்பதாகக் கொள்வோம். புதிய விற்சுருள் வண்டியை 30 மி.மீ. தாழ்த்தினால் எஞ்சுவது 50 மி.மீ. மட்டுமே.

- பழைய விற்சுருள் முட்டு ரப்பரை அடையும் முன் கூடுதலாக ஏற்கும் ஆற்றல், சக்கரம் ஒன்றுக்கு 64 ஜூல்.
- 30 விழுக்காடு விறைப்பு கூடிய, 30 மி.மீ. தாழ்ந்த விற்சுருள் ஏற்கும் ஆற்றல் 32.5 ஜூல்.
- 50 மி.மீ. தொலைவுக்குள் 64 ஜூலை ஏற்க வேண்டுமெனில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 51 நியூட்டனுக்கு மேல் இருத்தல் வேண்டும். இது பழைய அளவைப் போல் இரண்டரை மடங்கிற்கும் அதிகமாகும்.

விற்சுருள் ஏற்கும் ஆற்றல் அமுங்கு தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இழந்த உயரத்தைச் சிறிதளவு விறைப்பால் ஈடுசெய்ய இயலாது.

வளைவுகளில் ஏற்படும் விளைவு

வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு எடை இடம்பெயர்கிறது. இதன் மொத்த அளவு பெரும்பாலும் வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் பொறுத்தது. விறைப்பான விற்சுருள் வண்டி சாயும் கோணத்தைக் குறைக்கும். ஆனால் எடைப் பெயர்ச்சியைத் தானாகக் குறைக்காது. ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்திலிருந்து 520 மி.மீ. ஆகத் தாழ்ந்தால் கிடைக்கும் குறைவு ஏறத்தாழ 5 விழுக்காடே.

ஆயினும் ஓட்டுநர் உணரும் மாற்றம் இதைவிடப் பெரிதாகும். வண்டி குறைவாகச் சாய்வதாலும் திசைமாற்றிக்கு விரைந்து பணிவதாலும் நம்பிக்கை கூடுகிறது. முன், பின் விற்சுருள்களின் விறைப்பு விகிதம் பொருந்தாவிடில், ஈரமான சாலையில் ஒரு முனை மற்றொன்றிற்கு முன்பே வழுக்கக்கூடும்.

மெக்பர்சன் அமைப்பில் வண்டியைத் தாழ்த்தும்போது கீழ்க்கையின் கோணம் மாறி, வண்டி சாயும் அச்சு ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கலாம். அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்ட வண்டியின் சாயும் போக்கு, விறைப்பால் கிடைத்த பயனில் ஒரு பகுதியை அழித்துவிடும். சக்கரச் சாய்வும் முனைவும் மாறுவதால் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும். எனவே பொருத்திய பின் வீல் அலைன்மென்ட் எனப்படும் சக்கரச் சீரமைப்பு கட்டாயமாகும்.

கோடம்பாக்கமும் சென்னைச் சாலைகளும்

திரைப்படத் துறையால் அறியப்படும் கோடம்பாக்கம், கடற்கரை–தாம்பரம் தொடருந்துப் பாதையின் மேலுள்ள மேம்பாலத்தாலும் ஆற்காடு சாலையாலும் நகரின் பிற பகுதிகளுடன் இணைக்கப்பட்டுள்ளது. மெட்ரோ இரயில் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம் இப்பகுதியின் ஊடாக அமைகிறது. இதன் கட்டுமானத்திற்காக ஆற்காடு சாலையில் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும் அமைக்கப்பட்டன. இத்தகைய நகரச் சாலைகளில் வண்டியின் வேகம் குறைவு. வேகத்தடைகளும், ஒட்டுப்போட்ட பரப்புகளும், அடுக்குமாடிக் கட்டடங்களின் நிறுத்துமிடச் சரிவுகளும் மிகுதி.

இந்தியச் சாலைப் பேரவையின் 99ஆம் எண் நெறிமுறைப்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வளைவு வேகத்தடை 17 மீ. ஆரமும், 3.7 மீ. அகலமும், 10 செ.மீ. உயரமும் கொண்டது. முன், பின் அச்சுகளுக்கிடையே 2.65 மீ. தொலைவுள்ள செடான் இதன்மேல் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மீதே இருக்கும். ஆதலால் வண்டியின் நடுப்பகுதி இழக்கும் தரை இடைவெளி ஏறத்தாழ 52 மி.மீ. மட்டுமே. அதே உயரத்தில் குறுகலாக அமைக்கப்பட்ட தடையில் சக்கரங்கள் தடைக்கு இருபுறமும் சமதரையில் நிற்கும். அப்போது 100 மி.மீ. முழுவதும் இழக்கப்படும். தெருக்களில் நெறிமுறைக்குப் புறம்பாக அமைந்த குறுகிய தடைகள் வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டுவதற்கு இதுவே காரணம்.

ஐந்து பேரும் பைகளும் சேர்ந்து 400 கி.கி. எடை ஏறும்போது, நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்குவதாகக் கொண்டால், 165 மி.மீ. தரை இடைவெளி உடைய மேற்கண்ட வண்டியில் நிகழ்வது:

- பழைய விற்சுருளுடன் வண்டி 49 மி.மீ. அமுங்கும்; எஞ்சும் இடைவெளி 116 மி.மீ.
- புதிய விற்சுருளுடன் வண்டி முதலிலேயே 30 மி.மீ. தாழ்ந்து, பின்னர் 38 மி.மீ. அமுங்கும், எஞ்சும் இடைவெளி 97 மி.மீ.

முதல் வண்டி மெதுவாகச் சென்றால் 100 மி.மீ. உயரக் குறுகிய தடையைக் கடந்துவிடும். இரண்டாவது வண்டி நின்ற நிலையிலேயே உரசும். ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது இவ்வேறுபாடு தெரியாது. குடும்பத்துடன் செல்லும்போதே வெளிப்படும். மேலும் இந்நிலையில் இரண்டாவது வண்டியின் முட்டு ரப்பருக்கு 12 மி.மீ. தொலைவே எஞ்சியிருக்கும். முதல் வண்டியில் இது 31 மி.மீ. ஆகும்.

மழைக்காலத்தில் தேங்கும் நீரும் கருதத்தக்கது. தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற தாழ்வான இடங்களில் கனமழையின்போது நீர் தேங்குவதுண்டு. வண்டி தாழும் அளவுக்குப் பொறியின் காற்று உறிஞ்சு குழலும் நீர்மட்டத்தை நெருங்கும்.

பந்தயத் தளத்தில் பயன்பாடு

நகரச் சாலைக்கு நேர்மாறான சூழல் பந்தயத் தளத்தில் நிலவுகிறது. 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முன்னர் சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு நிலையான பந்தயத் தளம் திறக்கப்பட்டது. இதன் சுற்று நீளம் 3.717 கி.மீ. ஆகும். உற்பத்தி வகைச் செடான்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயங்களும் இங்கு நடந்துள்ளன.

பந்தயத் தளத்தில் பரப்பு சீரானது; வேகத்தடை கிடையாது; வண்டியில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார். குறைந்த அமுங்கு தொலைவும் மிகுந்த விறைப்பும் அங்கே குறையாகத் தோன்றுவதில்லை. பந்தய வண்டியின் விற்சுருள் அளவுகளைச் சாலை வண்டிக்கு அப்படியே எடுத்தாள்வது பொருந்தாமைக்கு இதுவே காரணமாகும்.

மாற்றும் முறைகள்

தொகுப்பாக விற்கப்படும் விற்சுருள்கள், குறிப்பிட்ட வண்டிக்கென வடிவமைக்கப்பட்டவை. இவற்றுள் சில, தொடக்கத்தில் மென்மையாகவும் அமுங்க அமுங்க விறைப்பாகவும் மாறும் வகையின.

விற்சுருள், அதிர்வுத் தணிப்பி இணைத் தொகுப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்திருக்கும். செலவு மிகுதி எனினும் தணிப்புக் குறைவு நேராது.

விற்சுருளை வெட்டுதல் மலிவான முறையாகும். ஆறு செயற்படும் சுற்றுகளில் ஒன்றை நீக்கினால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. தீயால் வெட்டினால் எஃகின் பதம் கெட்டு முறிவு ஏற்படக்கூடும். வண்டியைத் தூக்கும்போது சுருள் இடம்விட்டு விலகும் ஆபத்தும் உண்டு.

சுருள்களுக்கிடையே ரப்பர் துண்டு வைத்தல், தளர்ந்த வண்டியை உயர்த்த இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இது சில சுற்றுகளின் இயக்கத்தைத் தடுத்துப் பிற சுற்றுகளின் மேல் தகைவைக் கூட்டுகிறது.

சென்னையில் பழைய உதிரிப்பாகங்களுக்குப் புதுப்பேட்டையும், புதிய பாகங்களுக்கும் துணைக்கருவிகளுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் அறியப்பட்டவை. பயன்படுத்திய விற்சுருளில் துருவோ கீறலோ இருப்பின் அதனைத் தவிர்த்தல் வேண்டும். அமுக்கப்பட்ட விற்சுருள் பெரும் ஆற்றலைக் கொண்டிருப்பதால், உரிய அமுக்குக் கருவியின்றி அதனைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்தானது.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182அ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. பதிவுச் சான்றிதழில் விற்சுருளின் அளவு இடம்பெறுவதில்லை. எனினும் மாற்றத்திற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து வடிவில் தெளிவு பெறுதல் நன்று. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கலை உண்டாக்கலாம். செருமனியில் இத்தகைய விற்சுருள்கள் தொழில்நுட்பச் சான்றுடன் விற்கப்பட்டு, ஆய்வுக்குப் பின் ஏற்கப்படுகின்றன.

முடிவெடுக்கும் முறை

வண்டி தளர்வாக ஆடுவதாகத் தோன்றினால், முதலில் ஏற்கெனவே உள்ள பாகங்களை ஆய்வு செய்தல் வேண்டும். எண்ணெய் கசியும் அதிர்வுத் தணிப்பி, தேய்ந்த ரப்பர் புஷ்கள், குறைந்த டயர் காற்றழுத்தம், பிசகிய சக்கரச் சீரமைப்பு ஆகியவை விற்சுருளின் குறையைப் போலவே தோற்றமளிக்கும். இவற்றைச் சரிசெய்த பின்னும் குறை நீடித்தால், தரமான டயர்கள், புதிய அதிர்வுத் தணிப்பிகள், உருளல் தடுப்புத் தண்டு ஆகியவற்றைக் கருதலாம். இவை வண்டியைத் தாழ்த்தாமலேயே அதன் பிடிப்பை அல்லது சாய்வைத் திருத்தக்கூடியவை.

விற்சுருளையே மாற்ற எண்ணினால், வழக்கமாகச் செல்லும் அனைவரையும் வண்டியில் அமரச்செய்து தரை இடைவெளியை அளந்து, அதிலிருந்து புதிய விற்சுருள் தாழ்த்தும் அளவைக் கழித்துப் பார்த்தல் எளிய சோதனையாகும். புதிய விற்சுருள் சுமையில் சற்றுக் குறைவாக அமுங்குவதால் உண்மை இடைவெளி இதைவிடச் சிறிது கூடுதலாக இருக்கும். பாதுகாப்புக் கருதிக் குறைந்த அளவையே கொள்ளலாம். அவ்வெண் அன்றாட வழியிலுள்ள உயரமான தடையின் உயரத்தைவிடக் குறைவாக இருப்பின், அவ்விற்சுருள் அவ்வழிக்கு உகந்ததன்று. மாற்றம் செய்யும்போது ஓர் அச்சின் இரு விற்சுருள்களையும் இணையாகவே மாற்றுதல் வேண்டும். பழைய விற்சுருள்களைப் பாதுகாத்து வைத்தால், தேவைப்படும்போது வண்டியை முந்தைய நிலைக்குக் கொண்டுவர இயலும்.