கொடிகாமத்து ஏ போட்டியும் கச்சாய்க் காற்றும்

சாரதி இருக்கைக்கு முன்னால் கிடந்த றப்பர் விரிப்பை இழுத்தேன். அடித்தகட்டில் உள்ளங்கையளவு துண்டொன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள்ளால் முற்றத்து மணல் தெரிந்தது. இரண்டு மாரிக்கு முந்தித்தான் ஒரு கராச்சில் விட்டு, காசைப் பாராமல் முழுக் காருக்கும் பெயின்ற் அடித்திருந்தோம். வெளிப்பக்கத்தில் இன்னும் முகம் பார்க்கலாம். உள்ளே கறளைச் சுரண்டாமல் புட்டியை அப்பி, அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

பார்க்க வந்த டிங்கர் வேலைக்காரப் பெரியவர் காரைச் சுற்றி நடந்து, ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. கெட்ட இடம் அட்டைப்பெட்டி போலச் செத்த சத்தம் தந்தது. "தம்பி, மேல என்னத்தைப் பூசினாலும் அடியில உப்பிருந்தா அது தின்னத்தான் செய்யும்" என்றார். "என்ன செய்யிறது ஐயா?" என்று கேட்டேன். "முதல்ல கழுவ வேணும்" என்றார்.

எங்கள் கார் ஒஸ்ரின் ஏ40 சமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் ஆலையில் செய்த வகை. ஊரில் 'ஏ போட்டி' என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவானைப் போலவே இதுவும் கொடிகாமத்துச் சந்தையின் முகங்களில் ஒன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் வடக்குக்கு வருவது நின்றபோது இந்தக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த அந்தக்கால எஞ்சின்; சில துளி பெற்றோலில் பற்றவைத்துச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைத்துக்கொண்டாவது போகும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த நாட்களில் நோயாளிகளையும் பாய் தலையணைகளையும் சுமந்தவை இவை. அப்படி உழைத்த இரும்பை மேற்பூச்சால் ஏமாற்றக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கொடிகாமம் கடற்கரை ஊரல்ல என்று நினைப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே கச்சாய், அதற்கப்பால் கடனீரேரி. வடக்கே முள்ளிப் பக்கம் உவர்வெளி. வைகாசியில் சோளகம் எழும்பினால் ஏரியைத் தாண்டி வரும் காற்று உப்பையும் தூசியையும் கொண்டுவந்து கதவிடுக்கிலும் மட்காட்டின் உட்பக்கத்திலும் படியவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துத் தகட்டுக்குள் இறக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு இரும்பின் குழிகளின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். காற்றின் ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடரும். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சைக் கீழிருந்து தூக்கும். நாம் காணும் கொப்புளம் அதுதான்.

ஆகவே முதல் வேலை எண்ணெய் எடுப்பது. அடிப்பக்கத்தில் கழிவு ஒயில் பூசிப் பாதுகாத்த கார்கள் இங்கே நிறைய. அதை எடுக்காமல் அரத்தாளைப் போட்டால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுவோம். அதன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவினோம். பெரியவர் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: உவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது. நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கானில் ஏற்றி வந்தோம்.

பிறகு சுரண்டல். செதில் செதிலாக நிற்பதை உளியாலும் சுரண்டியாலும் எடுத்துவிட்டே கம்பி பிரஷ். கிறைண்டரில் பூட்டிய கம்பிச் சில்லை நம்பி நான் ஏமாந்தேன். அது கறளைச் சீவவில்லை, பளபளப்பாக்கியது. மினுங்கிய இடத்தைப் பெரியவர் விரலால் தடவச் சொன்னார். குழிகளுக்குள் கபில நிறம் அப்படியே கிடந்தது. 80 இலக்க அரத்தாளை மடித்து, குழி குழியாக, கையால்தான் போக வேண்டியிருந்தது. மீண்டும் கழுவி, உலர்த்தி, லேசாக ஈரத்துணி ஒற்றி, இரவு விட்டுவைத்தோம். காலையில் சில குழிகள் கறுத்து ஈரமாக நின்றன. உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மூன்று முறை கழுவினோம்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி. பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல், பற்றறி சார்ஜரின் மறைமுனை கறள் பிடித்த பாகத்துக்கு, நேர்முனை வேறொரு இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு துருப்பிடிக்காத உருக்காக இருக்கவே கூடாது. நஞ்சான குரோமியம் கரைசலில் இறங்கும். ஐதரசன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். எட்டாத குழிகளுக்குப் பொசுபோரிக் அமிலம். அது கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும். மிச்சத்தைக் கழுவாமல் விட்டால் பூச்சு உரியும். தனின் கலந்த மாற்றிகளும் உண்டு. கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கிறதே, அதே வேதியியல்தான். ஆனால் ஓட்டை விழுந்த இடத்துக்கு எந்த மருந்தும் இல்லை. வெட்டி, புதுத்தகடு ஒட்டவேண்டும். ஏ போட்டிக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அடித்தகடு போனாலும் கார் நிற்கும். மொறிஸ் மைனருக்கு உடலே சட்டம். அங்கே கதவுக்குக் கீழுள்ள விளிம்புப் பகுதி இற்றால் அது அழகுப் பிரச்சினையல்ல, உயிர்ப் பிரச்சினை.

மணற்காட்டு மணலை வாங்கிக் காற்றழுத்தத்தால் அடித்தால் ஒரு நாளில் முடியும் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் அளவே உள்ள தகடு நெளிந்துவிடும் என்பது சிறிய காரணம். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும் என்பது பெரிய காரணம். வார்ப்பு வேலையில் சிலிக்கா மணலடிப்பை பிரித்தானியா 1949இலேயே சட்டத்தால் தடுத்தது. அந்தக்காலப் பெயின்றில் ஈயமும் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும், பிள்ளைகளை முற்றத்தில் விடக்கூடாது.

சுத்தமான இரும்பு இங்கே அரை நாள்கூடத் தாங்காது. மத்தியானத்துக்குள் செம்மஞ்சள் படலம் தொடங்கிவிடும். அதனால் எவ்வளவைச் சுத்தமாக்கினோமோ அவ்வளவுக்கு அன்றே பிறைமர். தகட்டின் வெப்பம் பனிபடுநிலையைவிட 3 பாகையாவது கூடியிருக்க வேண்டும், சாரீரப்பதன் 85 வீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது கப்பல் கட்டுவோர் முதல் பாலம் கட்டுவோர் வரை கைக்கொள்ளும் விதி. தை, மாசிப் பனியில் விடியற்காலைத் தகடு நனைந்தே இருக்கும். நாங்கள் பங்குனியைத் தெரிந்தெடுத்தோம். மாரி போய், சோளகம் வருமுன் கிடைக்கும் இடைவெளி அது. ஒன்பது மணிக்குப் பிறகு எபொக்சி பிறைமரைத் தூரிகையால் குழிகளுக்குள் குத்திக் குத்தி ஏற்றி, பிறகே மேலே விசிறினோம்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியவென்று ஆலையே வைத்த துவாரங்கள் பழைய புட்டியால் அடைபட்டிருந்தன. பெரியவர் பனை ஈர்க்கொன்றை முறித்து ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். பிறைமர் காய்ந்ததும் கண்ணாடி இடுக்கால் ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றச் சொன்னார். குனிந்து பார்த்தேன். நாலு துவாரங்களாலும் தண்ணீர் தெளிவாக மணலில் இறங்கியது.