திங்கட்கிழமைப் பன்றி!

'பை' என்றதும் மஞ்சள் பை ஞாபகம் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது இங்கிலாந்துக்காரர்கள் சாப்பிடுகிற பை. அடியில் கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு. அவ்வளவுதான்!

அங்கே ஞாயிறு மதியம் என்றால் ரோஸ்ட். பெரிய கறித்துண்டை முழுசாகச் சுட்டு, வீடே உட்கார்ந்து சாப்பிடும். கொஞ்சம் மிஞ்சும். மறுநாள் திங்கள். வாஷிங் மெஷின் வராத காலத்தில் அது துணி துவைக்கிற நாள். வெந்நீர் போட்டு, அலசி, பிழிந்து முடிப்பதற்குள் அந்தம்மாவுக்கு இடுப்பு விட்டுப் போகும். அன்றைக்குப் போய், 'இன்னிக்கு என்ன சமையல்?' என்று கேட்க எந்தப் புருஷனுக்குத் தைரியம் வரும்? மிச்சக் கறியைக் கொத்தினாள், கிழங்கால் மூடினாள், அடுப்பில் தள்ளினாள்!

ஆட்டுக்கறி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி என்றால் காட்டேஜ் பை. பன்றிக்குத் தனிப்பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை, பாவம்! காட்டேஜ் என்ற பெயர் 1791-லேயே இருக்கிறது. ஹனிமூன் காட்டேஜ் இல்லை சார், ஏழை கூலிக்காரன் குடிசை.

குடிசைச் சாப்பாடு மாளிகைக்கும் வேண்டியிருந்த காலம் ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போர். 1940 ஜனவரியில் பேக்கனுக்கும் ஹாமுக்கும் ரேஷன். மார்ச்சில் மற்ற கறிக்கும். எடைக்கணக்கு இல்லை, காசுக்கணக்கு. ஆளுக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸுக்குத்தான் கறி. பிறகு அதுவும் குறைந்தது. உருளைக்கிழங்குக்கோ யுத்தம் முடிகிறவரை ரேஷன் கிடையாது. கறி கம்மியா? மேலே கிழங்கை இரண்டு விரற்கடை கூடப் போடு! யுத்தம் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து, 1954 ஜூலையில்தான் கறி ரேஷன் ஒழிந்தது.

சரி, செய்முறை. மிஞ்சிய பன்றிக்கறி 400 கிராம். கைமா மாதிரி பொடியாகக் கொத்துங்கள். ஒரு வெங்காயம், இரண்டு காரட் நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஒரு ஸ்பூன் மைதா தூவி, முந்நூறு மில்லி கறிச்சாறு ஊற்றி கெட்டியாகும்வரை கொதிக்கவிடுங்கள். பன்றிக்கு ஆப்பிள் நல்ல ஜோடி. அரை ஆப்பிள் துருவிப் போடலாம். கறியைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வெந்தது, மறுபடி வேகவைத்தால் சக்கை!

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கறியை ஆறவிடாமல் கிழங்கைப் போட்டால் அது உள்ளே முங்கிவிடும். ஆறியபின், 800 கிராம் கிழங்கை வேகவைத்து, ஈரம் வற்றவிட்டு, வெண்ணெயும் பாலும் உப்பும் சேர்த்து மசித்துப் பரப்புங்கள். ஃபோர்க்கால் ஏர் உழுத மாதிரி கோடு போடுங்கள். அந்த மேடுகள்தான் முறுகும். ஓவனில் 200 டிகிரி, அரைமணி. நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

ஒரு கண்டிஷன். ஞாயிறு மிஞ்சிய கறி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிஜ்ஜுக்குப் போயிருக்க வேண்டும். ராத்திரி பூரா மேஜைமேல் கிடந்ததை வைத்து இந்த வித்தையைக் காட்டாதீர்கள். பையை மறுபடி சூடு பண்ணி புதன்கிழமைக்கு இழுக்கவும் கூடாது.

எங்கே மிஞ்சப் போகிறது? ஓரத்தில் முறுகியதற்கே ரூமில் அடிதடி நடக்கும். சமைத்தவர் முதலில் அந்தப் பக்கம் ஸ்பூனை விட்டுவிடுவது நல்லது!