கூரை ஒழுகும்போது யார் தலைவர்?

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு. மற்றொன்று, தலைமையாசிரியர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பலகை. யார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை பொறுப்பில் இருந்தார் என்பது அதில் இருக்கும். பொன்விழா மலர் போடும்போது இவ்விரண்டையும்தான் விரித்து எழுதுகிறோம். ஆனால் ஒரு பள்ளி நிலைத்ததா, தேய்ந்ததா என்பது திறப்பு விழாவுக்கும் அடுத்த திறப்பு விழாவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முடிவாகிறது. உடைந்த ஓடுகளை யார் மாற்றினார், கழிப்பறைக்குத் தண்ணீர் யார் கொண்டுவந்தார், விரிசலைப் பார்த்துவிட்டு யார் மனு எழுதினார் என்ற பராமரிப்பின் கதையே பள்ளியின் மெய்யான வரலாறு. ஒகேனக்கல் போன்ற ஊரில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் காவிரி இறங்கும் இடம் ஒகேனக்கல். பரிசல் ஓட்டுவது, மீன் பிடிப்பது, வறுத்து விற்பது, எண்ணெய் தேய்த்துவிடுவது, வருகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பது என்று பிழைப்பு நடக்கிறது. ஆற்றில் வெள்ளம் கூடினால் பரிசலுக்குத் தடை. தடை வந்தால் வருமானம் நின்றுபோகும். இதே பென்னாகரம் தொகுதியில்தான் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. சாலை இல்லாத மலையில் ஒரு மூட்டை சிமெண்டின் விலையோடு அதைச் சுமந்து செல்லும் கூலியும் சேர்ந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு; மாநில அளவில் அது 80.1. தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசி இடம். இத்தகைய பகுதியில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளப் பெரிய புரவலர் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சென்னையின் பழைய பள்ளிகளின் நிலை வேறு. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற அறச்சொத்து வழக்குகளில் சிக்கிப் பல பத்தாண்டுகள் கிடந்து, அன்றைய சென்னை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியால் மீண்டு, 1842இல் பள்ளியாக மாறியது. கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுந்த அதன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி 1852இல் தொடங்கியது. ஹென்றி இர்வின் வடிவமைத்த அதன் செங்கல் கட்டடம் 1897இல் எழுந்தது. அங்கே தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றவும் காரணமாக இருந்தார். பள்ளிக்கூடத்துத் தலைவர் தெருவுக்கும் தலைவராக இருந்தார் என்பதற்கு இது நல்ல சான்று. இந்தக் கட்டடங்களின் நீண்ட ஆயுளுக்குக் கட்டியவர் திறமை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஓர் அறக்கட்டளை அல்லது நிர்வாகக் குழு, பள்ளி இருக்கும் ஊரிலேயே இருந்தது.

அரசுப் பள்ளிக்கு உரிமையாளர் யார்? உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் பொதுப்பணித் துறை வழியாக, பல நேரங்களில் நபார்டு கடனுதவியில் எழுகின்றன. பழுதென்றால் தலைமையாசிரியர் எழுத வேண்டும். மதிப்பீடு தயாராக வேண்டும். நிதி ஒதுக்கீடு வர வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வகுத்த விதிப்படி, 100க்கு மேல் 250 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். சாக்பீஸ் முதல் துப்புரவு வரை எல்லாம் அதற்குள். கசியும் தளத்தை இதில் சரிசெய்ய முடியாது. கசிவு விரிசலாகும், விரிசல் பெரிதானால் ‘பழுதடைந்த கட்டடம்’ என்று பூட்டுப் போடுவார்கள், பிறகு புதிய கட்டடம், புதிய கல்வெட்டு. சிறு செலவைத் தவிர்த்துப் பெருஞ்செலவை வரவேற்கும் ஏற்பாடு இது. அலட்சியத்தின் விலையைத் தமிழகம் பார்த்திருக்கிறது: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரைத் தீயில் 94 குழந்தைகள், 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள். இரண்டுமே தனியார் பள்ளிகள் என்பதால் அரசுப் பள்ளிகள் ஆறுதல் அடைய முடியாது. நெல்லை விபத்துக்குப் பின் மாநிலம் முழுதும் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடிக்க வேண்டியிருந்தது.

கட்டடம் கிடக்கட்டும், நல்ல ஆசிரியர் இருந்தால் மரத்தடியே போதும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குச் சாதகமான சான்றும் இந்த மண்ணோடு தொடர்புடையதுதான். 1792 முதல் 1799 வரை, இன்றைய தருமபுரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகாலில் வருவாய் அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ, பின்பு சென்னை ஆளுநரானதும் 1822இல் கல்வி நிலையைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். திண்ணையிலேயே இவ்வளவு நடந்தது என்பது பெருமைதான். ஆனால் அன்றைய மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அதில் 67 பேருக்கு ஒருவரே பள்ளியில் இருந்தார். பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. எல்லாரையும் உட்கார வைக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் திண்ணை போதவில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தின் பின்னால் இருந்த கணக்குகளில் ஒன்று இதுதான்: இருக்கும் கட்டடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் இரு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். மிச்ச நேரத்தில் தந்தை தொழிலைக் கற்கட்டும் என்றதும் எதிர்ப்பு வெடித்து, 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. இடப் பற்றாக்குறை ஒரு தலைமுறையின் கல்வியையே பாதியாக வெட்டப் பார்த்தது என்றால், கட்டடத்தை வெறும் செங்கல் என்று எப்படித் தள்ளுவது? மலையில் இருந்து வரும் பெண் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில் கழிப்பறைக் கதவுக்கும் குழாயில் வரும் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

பராமரிப்பு அரசின் கடமை, ஊர்மீது சுமத்துவது நியாயமா என்பது அடுத்த ஆட்சேபம். பணம் அரசுடையதாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அன்றாடம் காவிரியை நம்பி வாழ்பவரிடம் நன்கொடைச் சீட்டு நீட்டுவது தகாது. ஆனால் கண்காணிப்பு ஊரிடம் இருக்க வேண்டும். 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பொருளும் உழைப்பும் கொடுத்தார்கள்; கூடவே ‘நம் பள்ளி’ என்று கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு வந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கான அந்த உரிமை உயர்நிலை வகுப்புகளுக்கும் அதே வலிமையோடு நீள வேண்டும்.

தலைமையாசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதவி உயர்வில் தொலைவான பள்ளிக்கு வருகிறவர், அடுத்த மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போக விரும்புவது இயல்பு. குடும்பம் உள்ளவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் பொதுப்பணித் துறைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் எழுதியவர் மாறிவிட்டால், கோப்பு அநாதையாகிறது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இங்கேயே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு நீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் ஒரு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 2013இல் இன்னொரு முதல்வர் தொடங்கி வைத்தார். ஆட்சி மாறியும் பணி நிற்காததற்கு, இடையில் பொறுப்பேற்க ஒரு நிரந்தர அமைப்பு இருந்ததே காரணம். பள்ளிக்கும் அதுவே தேவை: மலை, வனப் பகுதிகளில் தலைமையாசிரியருக்குக் குடியிருப்பும் கூடுதல் படியும் தந்து குறைந்தது மூன்று ஆண்டு தங்க வைப்பது, பழுதின் தேதி, மனுவின் தேதி, சரிசெய்த தேதி மூன்றையும் எழுதும் ஒரு பதிவேடு, கிராம சபையில் அதை வாசிப்பது, சிறு பழுதுக்கான பணத்தைத் துறை அலுவலகம் வரை போகாமல் பள்ளி மட்டத்திலேயே செலவழிக்கும் அதிகாரம். இவற்றில் எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாது. அதனாலேயே அரசியலுக்கு இவற்றில் ஆர்வம் குறைவு. ஆனால் அந்தப் பதிவேடு இருந்தால், பொன்விழா மலர் எழுதுகிறவர்கள் யாரைத் தலைவர் என்று குறிப்பிட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.