பிறந்த சிசுவின் முதல் நிமிடம்: பயிற்சிக்கு ஒரே அளவுகோல்

பிறந்த சிசு வீறிட்டு அழுவது நுரையீரலினுள் காற்றுப் புகுந்தது என்பதற்கு அடையாளமாகும். ஆயினும், பிறக்கும் சிசுக்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி தேவைப்படுகிறது. நூற்றில் ஒன்றுக்கு விரிவான சிகிச்சை வேண்டியிருக்கிறது. எந்தச் சிசுவுக்கு இவ்வுதவி தேவைப்படும் என்பதை எப்போதும் முன்கூட்டி அறிய இயலாது. எனவே, பிரசவம் நிகழும் ஒவ்வோர் இடத்திலும் அதைச் செய்ய வல்லவர் ஒருவர் இருத்தல் வேண்டும். மருத்துவக் கல்லூரியில் ஒரு முறையும், தொலைவிலுள்ள சுகாதார நிலையத்தில் வேறொரு முறையும் கற்பிக்கப்படின், சிசுவின் உயிர் அது பிறந்த ஊரைப் பொறுத்ததாகிவிடும். பயிற்சிக்குப் பொது அளவுகோல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பொது அளவின் பயனுக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க மயக்க மருந்தியல் நிபுணர் வர்ஜீனியா ஆப்கார் 1953-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டலுக்கு எதிர்விளைவு, உடலின் நிறம் ஆகிய ஐந்தும் இதில் நோக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் உண்டு. ஒரு மருத்துவர் குறித்த எண்ணை, வேறு நாட்டு மருத்துவரும் ஐயமின்றி உணர்ந்துகொள்கிறார். ஆனால், மூச்சுவிடாத சிசுவுக்கு உதவ இம்மதிப்பெண்ணுக்காகக் காத்திருத்தல் கூடாது.

இந்தியாவில் 1980-இல் தேசிய நியோநேட்டாலஜி மன்றம் தோன்றியது. சிசுவுக்கு மூச்சூட்டும் பயிற்சியை அது 1990 முதல் நாடெங்கும் பரப்பலாயிற்று. மைய அரசு 2009-இல் ‘நவஜாத சிசு சுரக்ஷா காரியக்ரம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மருத்துவருக்கும் செவிலியருக்கும் துணைச் செவிலியருக்கும் இரண்டு நாள் பயிற்சியை வகுத்தது.

இத்தகைய பயிற்சியில் தரம் என்பது யாது? கேட்ட விரிவுரைகளின் எண்ணிக்கை அன்று. கை செய்துகாட்டும் வேலையே தரமாகும். பயில்பவர், பொம்மையை உலரத் துடைத்துச் சூடு காத்து, தலையை உரிய நிலையில் வைத்து, முகமூடியைக் காற்றுக் கசியாமல் பொருத்த வேண்டும். பின்னர்ப் பையை அழுத்தி, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை வரை மூச்சூட்டி, மார்பு உயர்வதைக் காட்ட வேண்டும். சிசு தானாக மூச்சுவிடாவிடில், பிறந்த முதல் நிமிடத்துக்குள் இவ்வுதவி தொடங்கப்பெறுதல் வேண்டும். தேர்வாளர் எவராயினும் ஒரே படிநிலைப் பட்டியலைக் கொண்டு சோதித்தால், தேர்ச்சி எங்கும் ஒரே பொருள் உடையதாகும்.

அளவுகோல் பொதுவாயிருப்பது போலவே, காலத்துக்கேற்பத் திருத்தப்படுவதும் இன்றியமையாதது. முன்னர், மூச்சுத் திணறும் சிசுவுக்குத் தூய பிராணவாயுவே கொடுக்கப்பட்டது. டெல்லியில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வும், இந்திய மருத்துவமனைகளும் பங்குகொண்டு 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வும், சாதாரணக் காற்றே போதுமானதாயிருக்கக் கூடும் எனக் காட்டின. நிறைமாதச் சிசுவுக்குச் சாதாரணக் காற்றைக் கொண்டே தொடங்கலாம் என்று 2010-இல் உலகப் பரிந்துரைகள் கூறின. பொதுவான பாடத்திட்டம் இருந்தாலன்றி, இத்தகைய மாற்றம் கடைசிச் சுகாதார நிலையம் வரை சென்று சேராது.

ஒருமுறை கற்றதும் நிலைத்து நிற்பதில்லை. கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து, இடைவிடாது சிறுசிறு ஒத்திகை நடத்துதல் நன்று.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 20 சிசுக்கள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. 2030-க்குள் இதனை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்க வேண்டும் என்பது, 2014-இல் வெளியான இந்தியப் புதுப்பிறவிச் சிசுச் செயல்திட்டத்தின் குறிக்கோள். பயிற்சி பெற்றோர் உள்ள இடத்திலேயே பிரசவம் நிகழக் கர்ப்பிணிகளுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளர் கடமை. முதல் நிமிடத்தின் அருமையை மாணவர் உள்ளத்தில் பதிப்பது ஆசிரியர் கடமை. எவ்வூரில் பிறந்தாலும் சிசுவுக்கு ஒரே வகை உதவி கிட்டுமாயின், பொது அளவுகோல் தன் பயனை எய்தியதாகும்.