இறுதி நாளின் அண்மையும் மருத்துவம் எனும் கடமையும்

கியாமத் நாள் வந்தே தீரும் என்பது ஈமானின் அடிப்படைகளுள் ஒன்று. அது எப்போது வரும் என்னும் அறிவு தன்னிடம் மட்டுமே உள்ளதென அல்லாஹ் அல்-அஃராஃப் அத்தியாயத்தின் 187-ஆம் வசனத்தில் அறிவித்துவிட்டான். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நம்பக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவதைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறப்பதால் விளையும் ஒரு பிழையைப் பற்றியே இங்கு ஆராய விழைகின்றோம்.

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களில், "கடைசிக் காலம் வந்துவிட்டது, இனி வைத்தியம் எதற்கு?" என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கண்புரை முற்றும், பல்லில் சீழ் கட்டும், மார்பில் தோன்றிய கட்டி பெருகும். இச்சொல்லைச் சொல்வோர் பெரும்பாலும் இறையச்சம் மிக்கவர்களே. எனினும் இச்சொல்லின் பின்னே செலவைப் பற்றிய கவலையும், ஆண் மருத்துவரிடம் காட்டுவதில் கூச்சமும், நோய் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற கலக்கமும் ஒளிந்திருப்பதுண்டு. மார்க்கத்தின் பெயர் அவற்றுக்குப் போர்வையாகி விடுகின்றது.

இறுதி நாளுக்குத் தவணை குறிக்கும் வழக்கம் புதிதன்று. ஹிஜ்ரி ஆயிரத்தோடு உலகம் முடிந்துவிடும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. பத்தாம் நூற்றாண்டிலேயே அது நிகழும் என்றொருவர் அளித்த ஃபத்வாவை மறுத்து, ஹிஜ்ரி 898-இல் (கி.பி. 1493) இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுத நேர்ந்தது. ஆயினும் அவர்களும் இச்சமுதாயத்தின் ஆயுள் ஆயிரத்தைக் கடக்கும், ஆயிரத்து ஐந்நூறை எட்டாது என்று கணித்தார்கள். அக்கணக்கையும் பின்வந்த அறிஞர்கள் மறுத்துள்ளனர். ஹிஜ்ரி 1400 பிறந்த முஹர்ரம் முதல் நாளில், 1979 நவம்பர் 20 அன்று, மஹ்தி தோன்றிவிட்டார் என அறிவித்த ஒரு கூட்டம் மக்காவின் புனித ஹரமைக் கைப்பற்றியது. இரத்தம் சிந்த விலக்கப்பட்ட அந்த எல்லையில் இரத்தம் ஓடியது. 2021-இல் கொரோனாத் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டபோது, உலகின் பல பகுதிகளில் கிறித்தவருள் சிலர் அதனை 666 என்னும் முத்திரை என்றனர். முஸ்லிம்களுள் சிலர் தஜ்ஜாலின் சூழ்ச்சி என்றனர். தவணை குறித்தவர்கள் மாறினார்கள், பிழை மாறவில்லை.

நபி (ஸல்) அவர்கள் தம் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டி, தாமும் மறுமை நாளும் இவ்வாறே அனுப்பப்பட்டுள்ளதாக அறிவித்தார்கள். அதனினும் அண்மையை எவரும் உணர்த்திவிட முடியாது. அதே நபியவர்கள்தாம், சமுதாயத்துக்குச் சிரமம் ஆகிவிடும் என்றில்லையேல் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்றார்கள். பல்லின் தூய்மை அற்பமான உலகக் காரியமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு பணித்தார்கள். தங்கம் ஆண்களுக்கு விலக்கப்பட்டிருந்தும் சிகிச்சைக்காக இவ்வனுமதி கிடைத்தது. பற்களைத் தங்கத்தால் கட்டலாம் எனும் சட்டத்தை ஃபுகஹாக்கள் இதிலிருந்தே பெற்றனர். ஆட்டம் கண்ட பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையைக் குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (இறப்பு கி.பி. 1013) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விளக்கியுள்ளார்.

கையில் ஈச்சங்கன்று இருக்கும் நிலையில் கியாமத் நிகழ்ந்துவிட்டாலும், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு வந்துள்ள நபிமொழியும் நாம் அறிந்ததே. கன்றுக்கு உள்ள உரிமை மனித உடலுக்கு இல்லையா?

தவக்குலைக் காரணம் காட்டுவோருக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தெளிவான விடை தருகின்றார்கள். தீங்கைப் போக்கும் வழிகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கின்றார்கள். தாகத்துக்குத் தண்ணீர்போல உறுதியானவை, அக்கால மருந்துகள்போலப் பலன் எதிர்பார்க்கத்தக்கவை, வெறும் ஊகமானவை. முதல் வகையைக் கைவிடுதல் தவக்குல் ஆகாது. உயிருக்கு அஞ்சும் நிலையில் அது ஹராம். அன்று இரண்டாம் வகையில் இருந்த பல சிகிச்சைகள் இன்று முதல் வகைக்கு வந்துவிட்டன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உடலில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போன குழந்தைக்கு இன்சுலினும், வெடிக்கவிருக்கும் குடல்வாலுக்கு அறுவையும் தாகத்துக்குத் தண்ணீர் போன்றவையே.

நோயில் பொறுமையை ஏற்றுச் சுவனத்தைத் தெரிந்துகொண்ட வலிப்பு நோயுற்ற பெண்மணியின் ஹதீஸைச் சிலர் எடுத்துக் காட்டுவர். அது உண்மையே. சிகிச்சையை விடுவதே சிறந்தது எனக் கருதிய முன்னோரும் உண்டு. நம் கரையோரத்தார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் சிகிச்சையைப் பொதுவாக சுன்னத் என்றே கூறுகின்றது. ஆனால் அப்பெண்மணி தம் நோயைத் தாமே பொறுத்தார். உலகம் முடிகின்றது என்று எண்ணி அதனைச் செய்யவில்லை. எல்லை எது என்பதை ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992 மே மாதம் தன் 67-ஆம் தீர்மானத்தில் வரையறுத்தது. சிகிச்சையை விடுவது உயிரிழப்புக்கோ, உறுப்பிழப்புக்கோ, முடமாவதற்கோ வழிவகுத்தாலும், நோய் பிறருக்குத் தொற்றுவதாயினும் சிகிச்சை கடமையாகும். பொறுப்பிலுள்ள குழந்தைக்குத் தெளிவான தீங்கு நேரும்படி சிகிச்சையை மறுக்கும் உரிமை பாதுகாவலருக்கும் இல்லை.

இதனை நம் கடலே நமக்குக் கற்பித்துள்ளது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதுவரை, காலில் கல்லைப் பிணைத்து ஆழம் சென்றவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. கீழிருந்து கயிறு அசைந்த கணத்தில் அவர் இழுத்தாக வேண்டும். அஜல் எழுதப்பட்டதுதானே என்று அவர் கைகட்டி நின்றதில்லை. இறைவனிடம் பொறுப்பளித்தே அவர்கள் கடலில் இறங்கினார்கள், கயிறின்றி இறங்கவில்லை.

காயல்பட்டினத்தில் புற்றுநோய் பற்றிய கவலை நெடுநாளாக நிலவுகின்றது. வாயில் இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத புண்ணும், மார்பில் புதிதாகத் தென்படும் கட்டியும் கயிற்றின் அசைவு போன்றவை. கியாமத்தின் அடையாளங்களை மிம்பரில் எடுத்துரைக்கும் உலமாக்கள், அதே உரையில் இவற்றையும் சொல்வார்களாயின் பல இல்லங்கள் பிழைக்கும். செல்வர்கள் பிறர் செலவில் பங்கேற்பதும், பெண்களுக்குப் பெண் மருத்துவர் கிடைக்க ஜமாஅத்துகள் வழிசெய்வதும் அறிவுரையினும் பயன் தரும்.

இறுதி நாள் எப்போது என வினவிய கிராமவாசியிடம், அதற்காக நீர் எதனைத் தயார் செய்துள்ளீர் என்றே நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உடல் அல்லாஹ்வின் அமானத். அதனை எவ்வாறு பேணினோம் என்பதும் அந்நாளின் விசாரணையில் அடங்கும். அந்த நாளை உண்மையாக அஞ்சுவோர் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள். வல்ல ரஹ்மான் நமக்கு நல்ல விளக்கத்தையும் உடல்நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.