ஓடத் தெரிந்தது, பார்க்கத் தெரியவில்லை



சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான செயன்முறைப் பரீட்சையில் நான் முதல் தடவை சித்தியடையவில்லை. எங்கே பிழை விட்டேன் என்று சொன்னால் உங்களில் ஒருவருக்காவது ஒரு நாள் பயணமும் ஒரு நாள் உழைப்பும் மிஞ்சும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் நெடுந்தீவைச் சேர்ந்தவள். 2009இல் கணவரை இழந்தேன். இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பி, புழுக்கொடியலும் ஒடியல் மாவும் செய்து விற்கத் தொடங்கினேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குதுறை வரை சைக்கிள் உழக்கியதில் நாரிப்பிடிப்பு வந்ததுதான் மிச்சம். அண்ணாவின் உதவியோடு பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். "தீவுக்குள்ள ஓட லைசென்ஸ் என்னத்துக்கு?" என்று பலரும் கேட்டார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி யாரையாவது இடித்துவிட்டால் வழக்கு வரும், காப்புறுதியும் கைகொடுக்காது. என் பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான். ஆகவே விண்ணப்பித்தேன்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதிச் சித்தியடைந்தேன். செயன்முறைப் பரீட்சையில்தான் தவறினேன்.

தலையைக் குனிந்தேன்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் காலை நிலத்தில் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓடிக் காட்ட வேண்டும். சோதனைச் சாவடிகளில் சைக்கிளால் இறங்கி, தலை குனிந்து உருட்டிச் சென்ற காலத்தில் வளர்ந்தவள் நான். பரீட்சகர் பேனையோடு நிற்பதைக் கண்டதும் தலை தானாகக் குனிந்தது. கண் முன்சில்லில் நின்றது. வளைவில் கால் நிலத்தில் பட்டது.

கண் போகும் பக்கமே வண்டியும் போகும். சில்லைப் பார்க்காதீர்கள், அடுத்து எங்கே திரும்பவேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். வேகத்தை ஒரே அளவில் வைத்திருங்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை

எங்கள் ஒழுங்கைகளில் எதிரே வருவது மாடும் மட்டக்குதிரையும்தான். பின்னால் வாகனம் வரும் என்ற நினைப்பே இல்லை. திரும்புமுன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, சமிக்ஞையும் காட்டவில்லை. பயிற்றுநர் ஐயா பிறகு சொன்னார்: "ஓடத் தெரியுது தங்கச்சி, பாக்கத்தான் தெரியேல்லை."

இது எங்கள் தீவின் குறை மட்டுமல்ல. பிரித்தானியாவில் பரீட்சையில் தவறுவோரின் பிழைகளைப் பட்டியலிட்டு வெளியிடுகிறார்கள். சந்திகளில் சரியாகப் பார்க்காமை அதில் முன்னணியில் நிற்கிறது. திரும்புமுன் கண்ணாடி பார்க்காமையும் அதில் உண்டு.

முதலில் கண்ணாடி, பிறகு சமிக்ஞை, பிறகு தோளுக்கு மேலால் ஒரு பார்வை, அதன் பின்பே திருப்பம். திரும்பி முடிந்ததும் சமிக்ஞை விளக்கை நிறுத்த மறக்கவேண்டாம்.

சுற்றுவட்டத்தில் தடுமாறினேன்

எங்கள் ஊரில் சுற்றுவட்டம் இல்லை. பயிற்சியின்போது பண்ணைப் பாலம் தாண்டி வந்து சுற்றுவட்டத்தைக் கண்டதும் நடுங்கிப் போனேன். விதி ஒன்றுதான்: வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு முதலில் இடம் கொடுங்கள். வெறும் வீதியில் மட்டும் பழகாமல், பரீட்சைக்கு முன் சில நாட்களாவது நகரத்து வீதிகளில் பயிற்றுநரோடு ஓடுங்கள்.

காலைப் படகில் போனேன்

கடல் கொந்தளித்த நாளில் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் ஏறி, வாந்தியோடும் வெறுவயிற்றோடும் போய் நின்றேன். கை நடுங்கியது. தலைக்கவசத்தின் பட்டியைக்கூடப் பூட்டவில்லை. முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள். பரீட்சைக்குரிய வண்டியை முன்கூட்டியே ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியின் பிறேக்கும் ஒவ்வொரு விதம்.

ஊர் திரும்பி, வெறுங்காணியில் முருகைக் கற்களை எட்டு வடிவில் அடுக்கி, பின்னேரங்களில் பழகினேன். மகள் கரையில் நின்று, நான் குனியும்போதெல்லாம் "அம்மா, நிமிருங்கோ!" என்று கத்துவாள். அடுத்த தடவை எட்டைக் கால் ஊன்றாமல் முடித்தேன்.

சகோதரிகளே, ஒரு தடவை தவறினால் மறுபடி தோற்றலாம். பயிலுநர் அனுமதிப்பத்திரத்தின் முடிவுத் திகதியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இன்று என் ஸ்கூட்டரில் இரண்டு மூட்டை இறங்குதுறைக்குப் போகிறது. அனுமதிப்பத்திரம் என் பையில் இருக்கிறது.